வந்தேறிங்க பேசுறோம், கொஞ்சம் கேளுங்க

நம்ம நீலகிரியில ஊத்துக்கு மேல வில்லா கட்டுறதப் பத்தி ஞாயித்துக்கிழமை கூட்டம் நடந்துச்சு, வீடியோவுல பார்த்திருப்பீங்க, முழுசா திரும்ப சொல்லல. அந்த வில்லா கம்பெனி ஆளு மைக்க புடிச்சு "சிலோன்ல இருந்து வந்தவங்கதானே நீங்க, இது உங்க ஊரா"ன்னு கேட்டதுகூட பரவால்ல, முன்னாடி உக்காந்திருந்த நம்மாளுங்களே சிரிச்சாங்க பாருங்க, அதுதான் இன்னும் ஆறல.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். நாங்க வீடு கட்டுறத எதிர்க்கல. மறுபடியும் சொல்றேன், வீடு கட்டுறத எதிர்க்கல. ஊத்துக்கு மேல இருக்குற சரிவ பொக்லைன் வெச்சு வெட்டி, வருஷத்துல முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கப்போற வில்லாவ வரிசையா கட்டுறீங்கல்ல, அதத்தான் எதிர்க்கிறோம். அந்த ஊத்துத் தண்ணிதான் தோட்டத் தொழிலாளிங்க நாங்க இருக்குற லயத்துக்கும் வருது, கீழ படுகர் ஊரான ஹட்டிக்கும் போகுது. மார்ச் மாசம் வந்தா அதுவும் சொட்டத்தான் செய்யும். மேல இத்தன செப்டிக் டேங்க் வந்தா என்னாகும்னு கேட்டா "எஸ்டிபி போடுவோம் சார்"ங்கிறாங்க, கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட்டாம். மழ பேஞ்சா ரெண்டு நாளைக்கு கரண்ட் இல்லாத ஊர்ல எஸ்டிபி ஓடுமாம்.

7 மீட்டருக்கு மேல கட்டக்கூடாதுன்னு ரூல் இருக்கேன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. இருக்குண்ணே. ரோட்டுல நின்னு பார்த்தா ஒரு மாடி, பள்ளத்துல இறங்கிப் பார்த்தா நாலு மாடி. எங்கிருந்து அளந்தாங்கன்னு அளந்தவங்களத்தான் கேக்கணும். இதே ஊர்ல எங்க சித்தப்பா ஒரே ஒரு ரூம் சேத்துக் கட்ட அலையா அலைஞ்சாரு, இது மலைப்பகுதி, கமிட்டிக்கு போகணும், என்ஓசி வேணும்னு விரட்டியே விட்டாங்க. அவருக்கு மட்டும்தான் மலை போல.

"வேலை கிடைக்கும்ல"ங்கிறீங்க. 2024 பிப்ரவரியில ஊட்டி பக்கத்துல லவ்டேல்ல கட்டட வேலையில இடிஞ்சு விழுந்து செத்த ஆறு பேரும் கூலிக்குப் போன பொம்பளைங்க. அந்த வேலைதானே சொல்றீங்க?

தேயில இல விலை இப்படி அடிமட்டத்துல கிடக்கு, தோட்டத்த விக்காம என்ன பண்ணுவோம்னு ஹட்டியில ஒரு மாமா கேட்டாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பிள்ள படிப்புக்கு, கடனுக்கு வித்தவங்கள நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்.

2009 நவம்பர்ல இதே நீலகிரி கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் மழ கொட்டுச்சே, மண்ணு சரிஞ்சு மாவட்டத்துல நாப்பது பேருக்கு மேல போனாங்களே, மறந்துட்டீங்களா? நான் அப்ப பிளஸ் ஒன். அப்பா ராத்திரி பூரா தூங்கல, லயத்துக்குப் பின்னாடி மண்ணு இறங்குதான்னு டார்ச் அடிச்சு பார்த்துக்கிட்டே இருந்தாரு. மழதான் காரணம்னு சொல்லுவீங்க. சரி, மழதான். மழைய நிறுத்தமுடியாது, சரிவ வெட்டாம இருக்கமுடியும்ல? செடியப் புடுங்கி, தண்ணி போற வழிய அடைச்சுட்டா அந்த மண்ண எது புடிச்சு நிறுத்தும்?

சரி, வந்தேறி மேட்டர். ஆமா, வந்தவங்கதான். இலங்கைத் தோட்டத்துல இருந்த தமிழங்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டாங்க, எங்க அப்பாயிய யாரும் கேக்கல. தலைமன்னார்ல கப்பல் ஏத்துனாங்க, ராமேஸ்வரத்துல இறக்குனாங்க, மண்டபம் கேம்ப்புல வெச்சு இங்க சர்க்கார் தேயிலத் தோட்டமான டேன்டீக்கு அனுப்புனாங்க. அங்க "இந்தியாக்காரி போ"ன்னாங்க, இங்க இன்னிக்கும் "சிலோன்காரி". "காட்ட வெட்டி தேயில நட்டதே உங்காளுங்கதானே, இப்ப என்ன இயற்கை பாசம்"னு அடுத்து வருவீங்க, தெரியும். சர்க்கார் வெட்டச் சொல்லுச்சு, கூலிக்கு வெட்டுனாங்க. வெட்டுன எடத்துல ஒரு சென்ட்டுக்குக்கூட எங்க அப்பாயி பேர்ல பட்டா வரல. நேத்து கார்ல வந்து எடம் பார்த்துட்டுப் போனவருக்கு பட்டா இருக்கு, அவரு ஊர்க்காரரு. நல்லாருக்கு நியாயம்.

ஆகஸ்ட் 15 கிராம சபை. இந்த வில்லா பத்தின தீர்மானத்த நோட்டுல எழுதி, சத்தமா வாசிக்கச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்க. போன தடவ மாதிரி வெத்துப் பக்கத்துல வாங்கிட்டு "அப்புறமா எழுதிக்கிறோம்"னா போடாதீங்க. அக்காங்க கண்டிப்பா வரணும், ஊத்துல குடம் புடிக்கிறது நீங்கதான்.