தேதியைத் தின்ற கத்தரிக்கோல்

கீழக்கரையில் ஒரு பாடகரின் வீட்டுத் திண்ணையில் போன வாரம் மூன்று மணி நேரம் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். கேசட் காலத்தில் தொண்டி முதல் ஏர்வாடி வரை கல்யாண வீடுகளிலும் சந்தனக்கூடு இரவுகளிலும் ஒலித்த குரல் அவருடையது. அவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் நான் எழுதிய கட்டுரை நிற்கவில்லை; ஆதாரம் போதாதென்று நீக்கிவிட்டார்கள். தவறு என்னுடையதுதான். இரண்டு யூடியூப் காணொளிகள், ஒரு விழா நோட்டீஸ், என்னுடைய சொந்த முகநூல் பதிவு: நான் காட்டிய ஆதாரங்களின் லட்சணம் இது.

பெட்டி நிறைய நோட்டீஸ்கள்தான். எல்லாவற்றிலும் அவர் 'உலகப் புகழ்' பாடகர். அச்சடித்தது விழாக் கமிட்டி. அழைத்தவரே புகழ்வதைச் சாட்சியாக ஏற்க முடியாது என்பது கலைக்களஞ்சியத்தின் கணக்கு. அவரோடு ஒட்டோ உறவோ இல்லாத ஒருவர், ஆசிரியர் குழு பார்த்துத் திருத்தும் ஓர் இதழில், அவரைப் பற்றி நாலு பத்தியாவது எழுதியிருக்க வேண்டும். எனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை. கல்யாணப் பத்திரிகையைக் காட்டிப் பட்டா மாற்ற முடியுமா?

பெயரில் இருக்கும் ஊரையும் நம்ப முடியாது. கர்நாடக இசைப் பாடகர் ராம்நாட் (அதாவது இராமநாதபுரம்) கிருஷ்ணன் 1918இல் பிறந்தது கேரளத்து ஆலப்புழையில். நாகூர் ஹனிபா 1925இல் பிறந்தது எங்கள் இராமநாதபுரத்தில். ஊகித்து எழுதினால் இரண்டு பேரையும் ஊர் மாற்றிவிடுவோம்.

ஊகம் என்ன செய்யும் என்பதை அனுபவித்தே தெரிந்துகொண்டேன். பாடகரின் பிறந்த ஆண்டை 1941 என்று என் பதிவில் உத்தேசமாகப் போட்டிருந்தேன். அதை எடுத்து ஒரு விழா மலரில் அச்சேற்றிவிட்டார்கள். இப்போது நண்பர் ஒருவர் அந்த மலரையே தூக்கிவந்து, "இதோ, அச்சிலேயே இருக்கிறதே" என்கிறார். நான் அனுப்பிய ஊகம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டுக்கே விருந்துக்கு வந்துவிட்டது.

இணையத்தில் இருந்தால்தான் ஆதாரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காகிதம் போதும். தமிழ் நாளிதழாக இருந்தாலும் போதும். இதழின் பெயர், தேதி, பக்க எண் இருந்தால் வேறொருவர் நூலகத்தில் எடுத்துச் சரிபார்த்துக்கொள்வார்.

அந்த நம்பிக்கையில்தான் போனேன். "வாப்பாவைப் பற்றி வந்ததெல்லாம் இருக்கிறது" என்று மகன் பழைய ஆல்பம் ஒன்றைப் பிரித்தார். ஒன்பது துணுக்குகள். இரண்டு முழு நீளக் கட்டுரைகள், நான் தேடிய அதே சரக்கு. ஒவ்வொன்றையும் ஓரம் பிசகாமல் கத்தரித்து ஒட்டியிருக்கிறார்கள். இதழின் பெயரும் தேதியும் கத்தரிக்கோலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. எங்கள் கரையில் எது காணாமல் போனாலும் 1964 டிசம்பர் புயலின் தலையில் கட்டிவிடுவது வழக்கம். இதில் பாவம், புயலுக்குப் பங்கில்லை.

கடல் ஈரத்தில் பசை விட்டு, ஒரு கட்டுரை மட்டும் தானாகக் கழன்று வந்தது. பின்பக்கம் பாதி சினிமா விளம்பரம். 'பொங்கல் முதல்' என்று இருக்கிறது. படம் எதுவென்று தெரிந்தால் ஆண்டு கிடைக்கும்; ஆண்டு கிடைத்தால் அந்த ஜனவரி இதழ்களை மட்டும் சென்னை கன்னிமாரா நூலகத்தில் புரட்டினால் போதும். சட்டப்படி நாளிதழ்கள் ஒரு பிரதி போய்ச் சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று.

படத்தின் பெயரில் மிஞ்சியிருப்பது கடைசி இரண்டு எழுத்து, 'கள்'. மேலே பாதி மீசை. எண்பதுகளில் பொங்கலுக்குத் தவறாமல் தியேட்டருக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.