அப்பா பெயரில் 9 கட்டுரை

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திரில் தரிசனம் முடிந்து படி இறங்கும்போது தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பையனுக்குப் பெண் தேடுகிறார். பையன் டாக்டர், ஆராய்ச்சியும் செய்கிறான். சம்பளம், துவாரகாவில் ஃப்ளாட் எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி "எச்-இண்டெக்ஸ் 19 சார்" என்றார். செவ்வாய் தோஷம் இல்லை என்பதையும் அதே குரலில்தான் சொன்னார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்த எண்ணை எடுத்துக் கொடுப்பதுதானே என் பிழைப்பு! டெல்லியில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 22 வருடமாக இருக்கிறேன். பதவி உயர்வு நேர்காணல் வந்துவிட்டால் டாக்டர்கள் என் மேஜைக்கு வரிசை கட்டுவார்கள். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

தெரியாதவர்களுக்காக: ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் 2005-ல் சொன்ன கணக்கு இது. ஒருவர் எழுதியதில் 19 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 19 பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டியிருந்தால், எண் 19. வாழ்நாளில் ஒரே கட்டுரை எழுதி, அதை 5000 பேர் எடுத்துக் காட்டினாலும் எண் 1 தான். ஓர் இதழில் வரும் கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று இதழ்களுக்குப் போடும் இம்பாக்ட் ஃபேக்டர் இதைவிடப் பழையது, யூஜின் கார்ஃபீல்ட் கொண்டுவந்தது. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று எங்களைப் போன்ற நூலகர்கள் பார்த்துக்கொள்ள உதவியது. எங்கள் கடைத் தராசு அது. இப்போது அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்களை நிறுக்கிறார்கள்.

அந்தத் தராசின் லட்சணத்தைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு நெல்லைக்கார டாக்டர் ஒருவர் வந்தார். பெயர் எஸ். முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-க்கு மேல் கட்டுரை எழுதியிருக்கிறேன் என்கிறார், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் திரட்டி வைக்கும் ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளம் பாதியைக்கூடக் காட்டவில்லை. தேடிப் பார்த்தால் மனிதர் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறார். முருகன் எஸ். ஒருவர். எஸ். என்பதை விரித்துச் சங்கரலிங்கம் முருகன் என்று ஒருவர். அப்புறம், குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் யாரோ அப்பா பெயரைப் போட்டுவிட்டதால், சங்கரலிங்கம் எம். என்று மூன்றாவது ஆள், அவர் கணக்கில் 9 கட்டுரை. அப்பா பாளையங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். "அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார் சார், சிறுநீரகத்துல 9 பேப்பர்" என்றார் டாக்டர்.

டெல்லிக்காரர்களுக்கு சர்மா, குப்தா என்று வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கு இனிஷியல்தான். 2012-லேயே ஆர்கிட் எண் வந்துவிட்டது, ஆளுக்கு ஒரு அடையாள எண், பெயர் எப்படி இருந்தாலும் குழப்பம் வராது. ஆனால் பழைய கட்டுரைகள் தானாக வந்து சேராது. விண்ணப்பம் போட்டு மூன்று பேரையும் ஒருவராக்கினோம். எச்-இண்டெக்ஸ் 7-லிருந்து 12 ஆனது. இடையில் அவர் ஒரு வரி புதிதாக எழுதவில்லை.

இது எழுத்தர் பிழை, சரி செய்யலாம். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அது என்ன சொல்கிறது என்பதுதான் என் சண்டை. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று பயத்தைக் கிளப்பிய வேக்ஃபீல்ட் என்ற டாக்டரின் கட்டுரை 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆராய்ந்தது மொத்தம் 12 குழந்தைகளை. 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இன்றும் அதற்கு மேற்கோள் ஏறிக்கொண்டிருக்கிறது. திட்டுவதற்காக எடுத்துக் காட்டியவர்கள்தான் அதிகம், கணக்கில் எல்லாம் ஒன்றுதான். இந்தப் பக்கம் கல்கத்தாவின் சம்புநாத் டே. காலராக் கிருமி சுரக்கும் நச்சுதான் குடலில் நீரைக் கரைபுரள வைக்கிறது என்று முயலின் குடலில் காட்டி, 1959-ல் நேச்சர் இதழில் எழுதினார். பல காலம் அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. 1985-ல் அவர் இறந்தார். அடுத்த வருடம் அவர் பெருமையை விரிவாக எழுதியது யார் தெரியுமா? தராசு செய்த அதே கார்ஃபீல்ட்!

எனக்கு இன்னும் பிடித்தது நம் சென்னைக் கதை. காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் பிழைப்பார்கள் என்று இருந்த காலம். சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டது. பலன் ஏறக்குறைய ஒன்றுதான், வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. உலகமே காசநோயைப் பார்த்த விதம் மாறியது. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் அந்த மையத்தின் பெயர்தான் இருக்கிறது. இன்றைக்கு அவர்களில் ஒருவர் என் மேஜைக்கு வந்தால், அந்தக் கட்டுரையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நான் முழிப்பேன்.

அதற்காக எண்ணவே கூடாது என்று சொல்ல மாட்டேன். இதே டெல்லியிலிருந்து அறுவை சிகிச்சை டாக்டர் சமீரன் நந்தியும் உடன் ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்ததால்தான், 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்களில் 332-லிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை என்று தெரிந்தது. கல்லூரிகளை அம்பலப்படுத்த எண் நல்லதுதான். ஒரு டாக்டரை எடைபோடும்போது, அவர் எழுதியதில் மூன்றையாவது உட்கார்ந்து படியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

போன தடவை ஒரு வேலை செய்தேன். யாரும் கேட்காமலேயே, ஒரு பெண் டாக்டரின் கோப்பில் எண் அச்சிட்ட தாளுக்குக் கீழே அவருடைய சிறந்த ஐந்து கட்டுரைகளையும் முழுதாக எடுத்து, சிவப்பு நாடா போட்டுக் கட்டி அனுப்பினேன். தேர்வுக் குழு கூடிக் கலைந்து, நான்காம் நாள் கோப்பு திரும்பி வந்தது. முதல் தாளில் எச்-இண்டெக்ஸைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். நாடாவில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.