கடற்கொள்ளையர் நாடகத்துக்குக் கப்பல் எதற்கு, வளவு போதும்

சின்ன நாடகக் குழுக்கள் கடற்கொள்ளையர் கதையைக் கையில் எடுத்ததும் முதல் காசைக் கறுப்புக் கண்பட்டைக்கும் பிளாஸ்டிக் கிளிக்கும் செலவழிக்கிறார்கள். ஆண்டுவிழாவுக்கு அது போதும். சாவைப் பார்த்துச் சிரிக்க வைக்கிற நாடகத்துக்குப் போதாது. அந்தச் சிரிப்பு கொள்ளையர்களின் ஒழுங்கில்தான் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டுக் கடற்கொள்ளைக் கேப்டன் பார்த்தலோமியோ ராபர்ட்ஸ் தன் கப்பலுக்கு எழுதிவைத்த விதிகளைப் பாருங்கள். கொள்ளையில் கேப்டனுக்கும் அவருக்கு அடுத்த பொறுப்பிலிருந்த குவார்ட்டர்மாஸ்டருக்கும் ஆளுக்கு 2 பங்கு, பீரங்கிக்காரனுக்கு ஒன்றரை. கை கால் போனால் பொதுப்பணத்திலிருந்து 800 டாலர். இரவு 8 மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். வாத்தியக்காரர்களுக்கு ஓய்வுநாளில் விடுப்பு. மேலாள் (கடைப் பொறுப்பாளர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்), பெட்டியடிப் பையன் (எடுபிடி) என்று படிவைத்து பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டுக்கு இந்த ஒழுங்கை விளக்கவே தேவையில்லை. ரத்தக்கையோடு பேரேட்டைத் திறந்து, "விரலை எந்தப் பற்றுல எழுதுறதுங்க?" என்று அடுத்தாள் நிதானமாகக் கேட்கட்டும். அவர் முகத்தைக் கோணினால் காட்சி போய்விடும்.

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவு, அதாவது தூண்களும் தாழ்வாரமும் சூழ்ந்த நடுமுற்றம், கிடைத்தால் செட்டே வேண்டாம். தாழ்ந்த முற்றம் கடல், சுற்றுத் தாழ்வாரம் கப்பல்தளம். மூன்று பக்கமும் 60 பேரை உட்கார வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வைக்காதீர்கள். மாசி, பங்குனி சரி. பழைய வயரிங் 1000 வாட் ஹாலஜன் நான்கைத் தாங்காது, ஃபியூஸ் போகும். 54 வாட் எல்இடி பார் (PAR) மேடை விளக்கு 8 போட்டாலும் மொத்தம் 432 வாட்தான். தூணில் துணியைச் சுற்றி அதன்மேல் கயிறு கட்டுங்கள். பர்மாத் தேக்கில் ஆணி அடிக்கவே கூடாது.

குழுக்கள் அதிகம் கோட்டைவிடுவது குரலில். தமிழில் வினை கடைசியில் வருகிறது, நடிகருக்கு மூச்சும் அங்கேதான் இறங்குகிறது. சுண்ணாம்புச் சுவரில் எதிரொலி வேறு. "அவனைக் கொன்னுரு" என்பதற்கும் "அவனைக் கொன்னுராதே" என்பதற்கும் உள்ள வித்தியாசம் கடைசி அசைகளில் கரைந்துபோகும். நம் நாடகமோ அந்த அசைகளில்தான் நிற்கிறது. வாக்கியத்தின் நடுவில் ஒரு மூச்சு எடுத்து, கடைசிச் சொல்லைத் தூக்கிச் சொல்லுங்கள். சிரிப்பு எழுந்தால் அது பாதி அடங்கும்வரை அடுத்த வசனம் வேண்டாம். ஒத்திகையைக் காலி வளவில் மட்டும் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். ஆட்கள் நிறைந்ததும் எதிரொலி குறையும்.

தூக்குக் காட்சிக்குக் கடற்கொள்ளைக் கேப்டன் வில்லியம் கிட் கதையே இருக்கிறது. 1698ல் கேரளக் கரைக்கு அப்பால் குவேதா மெர்ச்சன்ட் கப்பலைப் பிடித்தவர். 1701ல் லண்டனில் தூக்கிலிட்டபோது முதல் கயிறு அறுந்து விழுந்தார். மறுபடி ஏற்றித் தொங்கவிட்டார்கள். மேடையில் இதை நிழலாகவே காட்டுங்கள். வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, நடிகர் அதற்கு ஒரு அடி பின்னால் ஸ்டூலில் நிற்கட்டும், விளக்கு அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி இருக்கட்டும். பல எல்இடி உள்ள விளக்கு ஒரே ஆளுக்கு நாலைந்து நிழல் கொடுக்கும்; ஒற்றைச் சிறு பல்பு வேண்டும். கயிறு கழுத்தில் மாட்டவே கூடாது. அது வேட்டிக்கும் நடிகருக்கும் நடுவில் தனியாகத் தொங்கினால் போதும், நிழலில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். சுருக்குக் கயிறோ வெல்க்ரோவோ நம்பி ஒருவர் உயிரைப் பணயம் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

வாளுக்கு 5 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை. முனையை ரூபாய் நாணயம்போல வட்டமாக ராவுங்கள். மோதி மோதிப் பிசிறு வரும், ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் அரம் போட வேண்டும். எதிராளியின் கண்ணைப் பார்த்த பிறகே வீச்சு, வாள்முனை அவர் உடலுக்கு அரை அடி எட்டாமல் நிற்க வேண்டும். உள்ளூர் சிலம்ப ஆசானுக்கு இந்தத் தூரக்கணக்கு கைவந்தது, அவரைக் கூப்பிடுங்கள்.

ரத்தத்துக்கு லிக்விட் குளுக்கோஸ் 200 மில்லி, தண்ணீர் 50 மில்லி, சிவப்பு உணவு நிறம் அரைத் தேக்கரண்டி, கோகோ பொடி ஒரு சிட்டிகை. கோகோ இல்லாவிட்டால் விளக்கில் ரோஸ் நிறமாகத் தெரியும். ஆத்தங்குடி ஓடு சிமெண்டால் ஆனது, சாயத்தை உறிஞ்சிவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஓட்டின் நிறமும் போகும். கீழே தார்ப்பாய், மேலே கான்வாஸ் விரித்து, முடிந்த உடனே நான்கு மூலையையும் உள்ளே மடித்து எடுத்துவிடுங்கள். விடிவதற்குள் எறும்பு மொய்த்துவிடும்.