அந்தமான் டைவிங்: ஆழத்தைத் துரத்தாதீர்கள்

அந்தமானுக்கு ஸ்கூபா போக நினைக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆழம் கூட்டிட்டுப் போவாங்க?" அடுத்த கேள்வி, "டிக்சன்ஸ் பினக்கிள் போக முடியுமா?" (ஹேவ்லாக் தீவுப் பக்கம் நடுக்கடலில் மூழ்கியிருக்கும் பாறை அது.) முதல் பயணத்துக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. 'ஓப்பன் வாட்டர்' என்ற தொடக்கநிலை கோர்ஸ் முடித்த கையோடு 18 மீட்டர் வரை போக அனுமதி கிடைத்துவிடும், சரி. ஆனால் முதல் பத்து டைவையாவது 12 மீட்டருக்குள்ளேயே முடித்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. பயந்து சொல்லவில்லை. பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பவளம் தன் உடம்புக்குள் நுண்ணிய பாசிகளை வைத்துக்கொண்டு, அவை வெயிலில் சமைக்கும் உணவில் வாழ்கிற உயிர். வெயில் எட்டும் இடத்தில்தான் அது அடர்ந்து வளரும். அதனால் மீன், நண்டு, இறால், சங்கு எல்லாம் நெருக்கியடித்து வாழ்வது மேல்மட்டத்தில்தான். நிறமும் அப்படித்தான். 5 மீட்டர் தாண்டினாலே சிவப்பு மங்கத் தொடங்கும், 10 மீட்டருக்குள் ஏறக்குறைய காணாமல் போகும். 30 மீட்டரில் டார்ச் இல்லாமல் பார்த்தால் சிவப்பு மீனும் கரும்பழுப்பாகத்தான் தெரியும்.

அடுத்தது காற்றுக் கணக்கு. இதை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர்கள் ஆழத்துக்கு அவசரப்பட மாட்டார்கள். வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர், நிரப்புவது 200 பார் (காற்றழுத்த அளவு). 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்பது விதி. ஆக, செலவழிக்கக் கையில் இருப்பது 150 × 11 = 1650 லிட்டர். புதியவர் ஒருவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வையுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் நிமிடத்துக்கு 40 லிட்டர். 41 நிமிடம் ஓடும். 20 மீட்டரில் 27 நிமிடம். 30 மீட்டரில் 20 நிமிடம்தான், அதிலும் இறங்க, ஏற, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கச் செலவாகும் காற்றை இன்னும் கழிக்கவில்லை. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் இதுவும் பாதியாகும். அழுத்தத்தில் இழுக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேரும், அளவு மீறினால் மேலே ஏறும்போது குமிழாகி ஆபத்தாகும். அதற்கும் இதே கதைதான். டைவிங் பயிற்சி அமைப்பான பிஏடிஐயின் அட்டவணைப்படி 12 மீட்டரில் 147 நிமிடம் இருக்கலாம், 18இல் 56, 30இல் வெறும் 20.

அப்படியானால் ஹேவ்லாக் தீவில் (2018 கடைசியில் சுவராஜ் துவீப் என்று பெயர் மாற்றினார்கள், பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான்) எந்த இடம் யாருக்கு?

டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கோர்ஜ், ஜாக்சன்ஸ் பார் மூன்றும் நடுக்கடல் இடங்கள். போய்ச்சேர ஒரு மணி நேரம், சில படகில் அதற்கு மேலும் ஆகும். பர்மாவிலிருந்து வந்து அந்தமானில் குடியேறிய கரேன் சமூகத்து டைவர்களின் பெயர்கள்தான் இவை. இந்தக் கடலை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு என்பதால், படகில் கரேன் டைவ் மாஸ்டர் (டைவுக்கு வழிகாட்டுபவர்) இருந்தால் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். டிக்சன்ஸில் பாறையின் உச்சியே ஏறக்குறைய 16 மீட்டரில்தான் தொடங்குகிறது. அதாவது, மேலேயிருந்து குதித்தால் அடையாளத்துக்குக் கண்ணில் படும் எதுவும் இல்லாமல், நீலத்துக்குள்ளேயே இறங்க வேண்டும். ஜானிஸில் சங்கரா வகை மீன்களும் சீலாவும் கூட்டம் கூட்டமாக நிற்கும், பெரிய பாரைகள் வேட்டைக்கு வரும், பாறை இடுக்கில் வெண்துடுப்புச் சுறா படுத்திருக்கும். ஜாக்சன்ஸில் மணலில் திருக்கைகள். அருமையான இடங்கள்தான், மறுப்பே இல்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் 20 முதல் 30 மீட்டர் ஆழம், கூடவே நீரோட்டம். மிதப்பு, அதாவது ஏறாமல் இறங்காமல் தண்ணீருக்குள் ஒரே மட்டத்தில் நிற்பது, கைக்கு வராத ஒருவர் அங்கே போனால் காற்றுமானியையும் டைவ் மாஸ்டரின் ஃபின்னையும் (காலில் மாட்டும் துடுப்பு) தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். 25 டைவ் முடித்து, அட்வான்ஸ்டு கோர்ஸும் முடித்துவிட்டுப் போங்கள்.

ஜெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் 'தி வால்' புதியவர்களையும் கூட்டிப்போகும் இடம். ஒரு எச்சரிக்கை: சுவர் 10 மீட்டர் வாக்கில் தொடங்கி 50 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. காலடியில் தரை இல்லாததால், மென்பவளத்தைப் பார்த்துக்கொண்டே போகையில் ஆழம் ஏறுவது தெரியாது. நிமிடத்துக்கு இரண்டு முறையாவது ஆழம் காட்டும் டைவ் கணினியைப் பார்க்க வேண்டிய இடம் அது. லைட்ஹவுஸ் ஆழம் குறைந்தது, இரவு டைவுக்கும் ஏற்றது. கரையிலிருந்தே நடந்து இறங்கும் நெமோ ரீஃப்தான் முதல்முறை ஆட்கள் பெரும்பாலும் போகிற இடம்.

இங்கேதான் எனக்குப் பெரிய வருத்தம். 2010 கோடையில் அந்தமான் கடல் அளவுக்கு மீறிச் சூடாகி, பவளங்கள் வெளுத்தன. பாசி வெளியேறினால் பவளம் வெள்ளையாகிவிடும். சூடு சில வாரத்தில் தணியாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். அதில் அதிகம் அடிபட்டது ஆழம் குறைந்த பகுதிகள்தான், குறிப்பாக மான்கொம்பு போலக் கிளைவிடும் வகைகள். 2016இலும் வெளுத்தது. அதிலிருந்து மெல்ல மீண்டுவரும் அதே பாறைகளின் மேல்தான், மிதக்கவே தெரியாதவர்களை நாள் முழுக்க இறக்குகிறோம். கிளைப்பவளம் நன்றாக வளர்ந்தால் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர்தான். ஃபோட்டோவுக்காகக் கையூன்றிக்கொள்கிற முழங்கால் உயர உருண்டைக்கு நம்மில் பலரைவிட வயது அதிகம்.

எனவே ஆழம் குறைந்த இடத்துக்குப் போங்கள் என்பதோடு, மிதக்கக் கற்றுக்கொண்டு போங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இதில் பெரும்பாலோருக்குக் கோளாறு தொடங்குவது எடையில். சீக்கிரம் இறங்கட்டும் என்று இடுப்பில் இரண்டு மூன்று கிலோ கூடுதலாகக் கட்டிவிடுவார்கள். கூடுதல் 3 கிலோவைச் சமாளிக்க பிசிடி ஜாக்கெட்டில் (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) 3 லிட்டர் காற்று அதிகம் ஊத வேண்டும். அந்தக் காற்று ஒரு மீட்டர் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். அதனால் நீங்கள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருப்பீர்கள். எடை இடுப்பில், காற்று மார்பில் என்பதால் உடம்பு சாய்ந்து கால் தொங்கும். ஃபின் பவளத்தை உடைப்பது இப்படித்தான். வேண்டுமென்று யாரும் உதைப்பதில்லை.

சரியான எடையைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். எல்லாம் மாட்டிக்கொண்டு, நிற்க முடியாத ஆழத்தில், ஜாக்கெட்டில் காற்றை முழுவதும் விட்டுவிடுங்கள். காலை அசைக்காமல் நேராக நின்று, சாதாரண மூச்சைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை முழுக்க விட்டதும் தலை மெதுவாக மூழ்க வேண்டும். மூச்சு பிடித்தபடியே மூழ்கினால் எடை அதிகம்; ஒரு கிலோ எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இதை நிறைந்த சிலிண்டரோடு செய்தால் முடிவில் 2 கிலோ சேர்க்க வேண்டும். ஏனென்றால் 200இலிருந்து 50 பாருக்கு வரும்போது உள்ளேயிருந்த காற்றில் ஏறக்குறைய 2 கிலோ செலவாகியிருக்கும். அதைச் சேர்க்காவிட்டால் கடைசியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே தூக்கிவிடும். அந்த எண்ணை, போட்டிருந்த உடையின் தடிமனோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த ஊரில் அடுத்த இன்ஸ்ட்ரக்டர் கேட்பார்.

எடை சரியானபின் ஏற்ற இறக்கத்துக்கு ஜாக்கெட் பொத்தான் அதிகம் வேண்டாம், மூச்சே போதும். உள்ளிழுத்து இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் உடம்பு ஏறும். அந்த இடைவெளி தெரியாமல் பொத்தானை அமுக்குவதுதான் புதியவர்களின் பழக்கம். ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறவே கூடாது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் நுரையீரல் காற்று இரண்டு மடங்காகும். போக வழியில்லாவிட்டால் திசு கிழியும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் இருக்கட்டும். கேமராவா? மணலுக்கு மேல் ஒரு நிமிடம் கை கால் அசைக்காமல் நிற்கத் தெரியும்வரை கரையிலேயே இருக்கட்டும்.

காது: தண்ணீருக்குள் தலை போன நொடியிலிருந்தே, ஒவ்வொரு அரை மீட்டருக்கும், மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். வலி வந்தபின் ஊதினால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஏற்கெனவே அழுந்தி மூடியிருக்கும், திறக்காது. ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயல வேண்டும். அழுத்த மாற்றம் அதிகம் உணரப்படுவது முதல் 10 மீட்டரில்தான். சளி இருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம். மாத்திரை போட்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்து, ஏறும்போது காற்று மாட்டிக்கொள்ளும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவைசிகிச்சை, கர்ப்பம் எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள்.

இனி, 8 மீட்டரில் என்ன பார்ப்பது?

ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஏதாவது ஒரு பாறையின் ஓரத்தில் களவாவோ கிளிமீனோ வாயைத் திறந்து, செவுளை விரித்து, அசையாமல் நிற்கும். விரல் நீளமுள்ள, நீல உடம்பில் வால் பக்கம் அகலமாகும் கறுப்புக் கோடு போட்ட மீன் ஒன்று அதன் வாய்க்குள்ளேயே போய் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். அதுதான் துப்புரவு மீன். அதே நிறம், அதே கோடு, அதே மாதிரி ஆட்டத்தோடு இன்னொரு மீனும் அங்கே திரியும். அதன் வாய் மூக்கு நுனியில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். துப்புரவு மீனென்று நம்பி நிற்கிற மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். ஆழத்துக்குப் பறக்கிறவர்கள் இதைப் பார்க்கவே மாட்டார்கள்.

அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிருக்குள் இருக்கும் கோமாளி மீன்களில் பெரியதுதான் பெண். அடுத்த அளவில் இருப்பது ஆண். பெண் இறந்துபோனால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். அனிமோனின் அடியில் பாறையை ஒட்டி ஆரஞ்சுப் பொட்டுகளாக முட்டை இருந்தால், ஆண் அதைச் செட்டையால் விசிறிக்கொண்டிருக்கும். ஒரு கை நீளத்துக்கு மேல் நெருங்கினால் அது விசிறுவதை விட்டுவிட்டு உங்களை விரட்ட வரும். அந்த நேரம் முட்டைக்குக் கேடு.

துரத்தி வரும் ஒரு மீனிடம் தனி எச்சரிக்கை வேண்டும்: டைட்டன் கிளாத்தி. 75 சென்டிமீட்டர் வரை வளரும், பவளத்தைக் கடித்து நொறுக்கும் பல். மணலில் குழி பறித்து முட்டையிட்டிருந்தால், தன் கூட்டிலிருந்து மேலே போகப் போக விரிந்துகொண்டே போகும் கூம்பு வடிவ எல்லையைக் காக்கும். அதனால் அது முதுகு முள்ளைத் தூக்கிக்கொண்டு வந்தால் மேலே ஏறாதீர்கள். ஏறினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். ஃபின்னை அதன் பக்கம் காட்டியபடி பக்கவாட்டில் விலகுங்கள். அஞ்சாளை (விலாங்கு வகை) வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சுக்குத்தான். வரிக் கடற்பாம்பு விஷமுள்ளது, ஆனால் சீண்டாமல் கடிக்காது. கல்மீனும் சிங்க மீனும் குத்தினால், குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் ஊறவைத்து, மருத்துவரிடம் போக வேண்டும்.

எப்போது போவது? நவம்பர் முதல் மே வரை. தேதி குறிக்கும்போது விமானக் கட்டணத்தோடு பஞ்சாங்கத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஓத வேறுபாடு பெரிது, நீரோட்டமும் பலமாக இருக்கும், தண்ணீரும் கலங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்கள் அமைதியாக இருக்கும். கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு அதுதான் ஏற்ற வாரம்.

டைவ் சென்டரில் கேட்க வேண்டியது: முதல்முறை ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டரா? படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, எத்தனை நிமிடத்துக்கு? நைட்ரஜன் குமிழால் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே, எப்படிக் கொண்டுபோவீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். குதிக்கும் முன், காற்றுமானியைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) நாலு மூச்சு இழுங்கள். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் அந்த சிலிண்டரை மாற்றச் சொல்லுங்கள்.

கீழேயிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். கடின பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள்.

பயணத் திட்டத்தில் பலரும் தவறுவது கடைசி நாளில்தான். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும் என்பதால், ஒரே ஒரு டைவ் என்றால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 விட்டால் இன்னும் நல்லது. ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்கு மூன்று நான்கு நாள் ஆகும். ஆகவே சென்னையிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக ஹேவ்லாக் படகைப் பிடியுங்கள். செல்லுலார் சிறையையும் போர்ட் பிளேரையும் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) கடைசி நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.