‘அண்டூ இருக்கிறதே’ என்பவர்களுக்கு

நம் எடிட்டரின் புதுப் பதிப்பில், ஒரு சொல்லைத் தேடி வேறொன்றாக மாற்றும் பெட்டியிலிருந்து, தாண்டி வந்த இடத்துக்குத் திரும்பப் போக உதவும் ‘முந்தையது’ பொத்தானைத் தூக்கிவிட்டார்கள். அதை ஒட்டி இங்கே நடக்கும் கூத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது ஒற்றை வரிப் பதில்: அண்டூ (செய்த மாற்றத்தை ரத்து செய்யும் வசதி) இருக்கிறது, போதும். அதற்குக் கைதட்டல் வேறு.

போதாது. ஏன் போதாது என்று பொறுமையாகவே சொல்கிறேன்.

ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றும்போது ஒவ்வோர் இடத்திலும் நாம் ஒரு முடிவு எடுக்கிறோம். ‘மாற்று’ ஒரு முடிவு. ‘விடு’ என்பதும் முடிவுதான். அண்டூவுக்கு முதலாவது மட்டுமே தெரியும். மாற்ற வேண்டிய இடத்தில் விரல் தவறி ‘விடு’ அழுத்திவிட்டால், அண்டூ அங்கே கொண்டுபோய் நிறுத்தாது. அங்கே எதுவுமே மாறவில்லையே, எதைத் திரும்ப எடுக்கும்?

விம் என்ற எடிட்டரில், ஒவ்வோர் இடத்திலும் உறுதி கேட்கச் சொல்லும் ‘சி’ என்ற கூடுதல் குறியோடு (கொடி என்பார்கள்) மாற்றுக் கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஒய் (y) விசை மாற்றும், என் (n) தாண்டும், ஏ மிச்சம் எல்லாவற்றையும் மாற்றும், எல் இதை மட்டும் மாற்றிவிட்டு நிற்கும், க்யூ வெளியேறும். பின்னால் போக ஒரு விசையும் கிடையாது. வெளியே வந்து யு அழுத்தினால் அந்தக் கட்டளை செய்த அத்தனை மாற்றமும் ஒரே அடியில் போய்விடும். நூறு இடத்தில் யோசித்து எடுத்த முடிவு, நூற்றோராவதில் விரல் வழுக்கியதற்காகக் காலி. இதைத்தான் ‘போதும்’ என்கிறார்கள்.

ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டர்காரர்கள் இதை என்றைக்கோ யோசித்துவிட்டார்கள். கேள்வி நடந்துகொண்டிருக்கும்போதே ^ அழுத்தினால் முந்தைய இடத்துக்குப் போகலாம், அது மாற்றிய இடமானாலும் விட்ட இடமானாலும். சின்ன யு கடைசி மாற்றத்தை மட்டும் ரத்து செய்யும். பெரிய யு இந்தச் சுற்றில் செய்த எல்லாவற்றையும். மூன்றும் மூன்று தனி வேலைகள், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

“கவனமாக அழுத்த வேண்டியதுதானே?” சரிங்க. அடுத்த பொருத்தம் (தேடிய சொல் இருக்கும் இடம்) மூன்று திரை தள்ளி இருக்கிறது, திரை வரைந்து முடிக்கும் முன்பே விசைப்பலகையில் காத்திருக்கும் அடுத்த ஒய்யை நம் எடிட்டர் பதிலாக எடுத்துக்கொண்டுவிடுகிறது. பார்க்காத இடத்துக்கு நான் எப்படிக் கவனம் செலுத்துவது? திரை தாண்டிக் குதித்தால் வரிசையில் காத்திருக்கும் விசைகளைத் தூக்கிப் போட வேண்டும், பொருத்தத்தைத் திரையின் நடுவில் மேலும் கீழும் நாலு வரியோடு காட்ட வேண்டும். அதையும் செய்யமாட்டீர்கள், பின்னால் போகவும் விடமாட்டீர்கள்.

“ரெஜெக்ஸ் ஒழுங்காக எழுதத் தெரிந்தால் கேள்வியே தேவைப்படாது” என்று ஒரு மேதை. (ரெஜெக்ஸ் என்பது தேட வேண்டியதன் வடிவத்தைக் குறிகளால் எழுதும் முறை.) அவருக்காக ஒரு சின்னச் சோதனை. ‘கல்’ என்பதைப் ‘பாறை’ ஆக்குங்கள். ‘கல்வி’ ‘பாறைவி’ ஆகும், ‘நகல்’ ‘நபாறை’ ஆகும். முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் பொருந்தும்படி சொல் எல்லை போட்டுத் தடுத்துவிடலாம் என்பீர்கள். போட்டால் ‘கல்லில்’, ‘கல்லும்’ இரண்டும் விட்டுப்போகும். போடாவிட்டால் ‘பாறைலில்’ வரும், வேண்டியது ‘பாறையில்’. ஆக, பல இடங்களில் பதில் ஆம், இல்லை இரண்டுமே இல்லை. நிறுத்தி, கையால் திருத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஈமாக்ஸில் கன்ட்ரோல்-ஆர் அதற்குத்தான் இருக்கிறது. வேற்றுமை உருபு ஒட்டும் மொழியில் எழுதுகிறவர்களும் இந்த எடிட்டரைப் பயன்படுத்துவார்கள் என்று பொத்தானைத் தூக்க முடிவெடுத்த அறையில் யாருக்காவது தோன்றியிருக்குமா என்றே தெரியவில்லை. தோன்றியிருந்தால் நம்மைப் பார்த்து ‘பழைய பழக்கம்’ என்று சிரிக்கமாட்டார்கள்.

மாறப்போகும் வரிகளை எல்லாம் பட்டியலாக முன்னோட்டம் காட்டுவது நல்ல வசதி, மறுக்கவில்லை. பல ஃபைல்களில் மாற்றும்போது அதுதான் சரி. ஆனால் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பத்தியின் பொருளைத் தீர்மானிக்க முடியாது.

நம் எடிட்டரில் இருக்கும் இன்னொரு கோளாறைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ‘கல்’லைக் ‘கல்வெட்டு’ ஆக்கினால், தேடல் கோப்பின் முடிவுக்குப் போய் மேலிருந்து சுற்றி வரும்போது, மாற்றியதையே மறுபடி நீட்டுகிறது. ஒய் அழுத்தினால் ‘கல்வெட்டுவெட்டு’. தொடங்கிய இடத்தில் நிற்க வேண்டாமா? அந்த இடத்தை வெறும் எண்ணாகக் குறித்து வைத்தாலும் ஆகாது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘கல்’ 3 குறியீடு, ‘கல்வெட்டு’ 9. சுற்றி வந்த பிறகு தொடக்கத்துக்கு மேலே 20 இடம் மாறினால் தொடக்கம் 120 குறியீடு கீழே இறங்கிவிடும். பழைய எண்ணில் நின்றால் நடுவில் இருப்பது எல்லாம் விட்டுப்போகும். எழுத்தோடு சேர்ந்து நகரும் அடையாளம் வேண்டும். இதைச் சொன்னால் ‘ஓரத்துப் பிரச்சினை’யாம்.

“இலவசமாகக் கிடைப்பதற்கு இத்தனை குறையா?” கிடைத்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கினால் கேட்கத்தான் செய்வோம்.

பொத்தான் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. விம் பழகியவர்கள் சி கொடியை விட்டுவிட்டு இப்படிச் செய்யுங்கள்: சாய்கோடு போட்டு ‘கல்’ தேடுங்கள். சி, ஜி, என் மூன்றையும் வரிசையாக அழுத்தி, ‘பாறை’ என்று எழுதி எஸ்கேப். அதற்குப் பிறகு என் அழுத்தினால் அடுத்த பொருத்தம், புள்ளி வைத்தால் அது மாறும், ஷிஃப்ட்-என் அழுத்தினால் பின்னோக்கிப் போகும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் கையால் திருத்தலாம். ஆனால் திருத்திய பிறகு புள்ளி அந்தத் திருத்தத்தைத்தான் திரும்பச் செய்யும், ஆகவே அடுத்த பொருத்தத்தில் சி, ஜி, என் மூன்றையும் அடித்து ‘பாறை’யை மறுபடி ஒருமுறை எழுதியாக வேண்டும். யு ஒவ்வொரு மாற்றமாகத்தான் ரத்து செய்யும்.