கரோல் ஸ்பின்னியை நடிகர் என்றே சொல்ல வேண்டும்

குழந்தைகள் நிகழ்ச்சியில் பொம்மையை இயக்குகிறவரை நாம் நடிகர் என்று சொல்வதே இல்லை. "உள்ளே கையை விட்டு ஆட்டுவதுதானே" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் ரொம்ப நாளாகவே வருத்தம். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் பிக் பேர்ட் என்ற மஞ்சள் பறவைக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் உயிர் கொடுத்த கரோல் ஸ்பின்னி என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டால், யாருக்கும் அப்படிச் சொல்ல மனசு வராது.

பிக் பேர்டின் உயரம் 8 அடி 2 அங்குலம். ஸ்பின்னி உள்ளே நின்றுகொண்டு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியே வைத்திருப்பார். பறவையின் தலை அந்தக் கையில்தான் இருக்கும். விரல்கள் அலகைத் திறந்து மூடும். சுண்டுவிரல் ஒரு சின்ன நெம்புகோலை இழுத்தால் இமை அசையும். இடது கை இடது சிறகுக்குள். வலது சிறகுக்குக் கை ஏது? அதைத் தூண்டில் நரம்பால் இடது சிறகோடு இணைத்திருந்தார்கள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். வெளியே பார்க்க வழி கிடையாது. நெஞ்சில் கட்டிய குட்டி டிவியில் கேமரா பிடிக்கும் படத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், எதிரில் நிற்கும் குழந்தையோடு கண்ணுக்குக் கண் பார்ப்பதுபோல் பேச வேண்டும். வசனத் தாளையும் உள்ளேயே ஒட்டி வைத்துக்கொள்வார்.

இத்தனையும் உடம்பு செய்கிற வேலை. அவர் புத்தியால் செய்தது இதைவிடப் பெரிது. 1969இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த பொம்மலாட்ட விழாவில் ஸ்பின்னியின் ஆட்டம் விளக்குக் கோளாறால் சொதப்பிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த, செசமி ஸ்ட்ரீட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன், அவர் செய்ய நினைத்தது என்ன என்பதைப் புரிந்துகொண்டு, தன்னோடு வேலை செய்யக் கூப்பிட்டார். தடங்கலைத் தாண்டி திறமையைப் பார்த்த கண் அது! ஆரம்பத்தில் பிக் பேர்டை ஒன்றும் விளங்காத பட்டிக்காட்டு அசடாகத்தான் எழுதியிருந்தார்கள். இவனைக் குழந்தையாக மாற்றலாம் என்று சொன்னவர் ஸ்பின்னி. அப்புறம்தான் அந்தப் பறவை கேள்வி கேட்டது, பயந்தது, எழுத்துக் கற்றுக்கொண்டது, தப்பு செய்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தன் வயதில் ஒரு கூட்டாளி கிடைத்தான். அதே நிகழ்ச்சியில் குப்பைத்தொட்டிக்குள் இருந்து எரிந்து விழும் ஆஸ்கர் என்ற பொம்மையும் இதே மனிதர்தான். அந்தக் குரலை ஒரு நியூயார்க் டாக்ஸி டிரைவரிடமிருந்து பிடித்தார்.

நான் சொல்ல வந்தது 1983ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று ஒளிபரப்பான ஒரு காட்சியைப் பற்றி. நிகழ்ச்சியின் கதை நடக்கும் தெருவில் கடை வைத்திருக்கும் ஹூப்பராக நடித்த வில் லீ, 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு ஆளைப் போட்டிருக்கலாம், ஹூப்பர் வெளியூர் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். பிக் பேர்ட் எல்லோருடைய படத்தையும் வரைந்து எடுத்துவந்து ஒவ்வொருவரிடமும் கொடுக்கிறது. (அந்தப் படங்களை நிஜத்தில் வரைந்தவரும் ஸ்பின்னிதான்.) ஹூப்பரின் படம் மட்டும் கையில் மிஞ்சுகிறது. அவர் வந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்கிறது. அவர் வரமாட்டார் என்று பெரியவர்கள் மெதுவாகச் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆக வேண்டும் என்று கேட்கிறது. பெரியவர்களிடம் பதில் இல்லை.

பறவையின் முகம் மாறவே மாறாது. அழ முடியாது, உதடு துடிக்காது. இமை, தலையின் சாய்வு, குரல் இந்த மூன்றை வைத்துக்கொண்டு, ஒரு குழந்தைக்கு மரணம் முதல்முதலாகப் புரியும் நேரத்தை அந்த மனிதர் நடித்துக் காட்டினார். சுற்றி நின்ற நடிகர்கள் நிஜமாகவே கண்கலங்கியிருந்தார்கள். தொலைக்காட்சியில் நான் பார்த்த நடிப்பில் இதற்கு மேல் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. 1990 மே மாதம் ஹென்சன் இறந்தபோது, நியூயார்க் தேவாலயத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், ஹென்சனின் தவளை கெர்மிட் பாடும் பாட்டை அதே பறவையாக நின்று பாடினார். தன்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவருக்கு, அதே வேடத்தில் நின்று விடை கொடுப்பது லேசான காரியமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதானபோது ஸ்பின்னியைத் தூக்கி எறியவில்லை. மேட் வோகல் என்ற பொம்மலாட்டக் கலைஞர் 1990களிலிருந்தே அவரிடம் பழகிக்கொண்டிருந்தார். 2015இல் உடம்பு நிலைதடுமாறத் தொடங்கியதும் பறவைக்குள் வோகல் போனார். குரல் மட்டும் 2018 வரை ஸ்பின்னியுடையது. ஒருவர் உடம்பும் ஒருவர் குரலும் சேர்ந்து ஒரே பாத்திரம். வாரிசைத் தயார் செய்ய இத்தனை வருடம் செலவழித்த நிகழ்ச்சியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பிள்ளைகள் நிகழ்ச்சிதானே, எந்தக் குரல் வந்தால் என்ன என்று நினைக்கிற தயாரிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குரல் மாறினால் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும்.

ஸ்பின்னி 2019 டிசம்பர் 8 அன்று, 85 வயதில் காலமானார். வாழ்நாள் சாதனைக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருது 2006இலேயே கிடைத்துவிட்டது, சந்தோஷம். ஆனால் நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் அந்த ஹூப்பர் காட்சியைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. நீங்களும் தேடிப் பாருங்கள். முதல் தடவை கதையைப் பாருங்கள். இரண்டாவது தடவை அந்தத் தலை எப்போது தாழ்கிறது, எப்போது நிமிர்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.