3.3 வோல்ட் டிரான்ஸீவரும் 5 வோல்ட் டிரான்ஸீவரும் ஒரே பஸ்ஸில் பேசும்

கேன் பஸ் (CAN) என்பது வண்டிகளிலும் இயந்திரங்களிலும் உள்ள கருவிகள் இரண்டு கம்பிகள் வழியே செய்தி பரிமாறும் இணைப்பு; அந்தக் கம்பிகளில் சிக்னலை அனுப்பிப் பெறும் சிப்தான் டிரான்ஸீவர். எம்சிபி2551 போன்ற 5 வோல்ட் டிரான்ஸீவர்கள் உள்ள கேன் பஸ்ஸில், 3.3 வோல்ட்டில் ஓடும் எஸ்என்65எச்விடி230 டிரான்ஸீவரைச் சேர்க்க முடியாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை நம்பிச் சிலர் போர்டையே மாற்ற நினைப்பதால் சொல்கிறேன்: தாராளமாகச் சேர்க்கலாம், இரண்டும் ஒன்றோடொன்று பேசும்.

கேன் ரிசீவர் பார்ப்பது கேன்-எச், கேன்-எல் என்ற இரு கம்பிகளுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தை. ஐஎஸ்ஓ 11898-2 தரப்படி அது 0.9 வோல்ட்டைத் தாண்டினால் டாமினன்ட் (பிட் 0), 0.5-க்குக் கீழே இருந்தால் ரிசெஸிவ் (பிட் 1, அதாவது ஓய்வு நிலை). அனுப்பும் சிப் 60 ஓம் லோடில் குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசம் தந்தால் போதும். 3.3 வோல்ட் சப்ளையிலேயே அது கிடைத்துவிடுகிறது. ஓய்வு நிலையில் 3.3 வோல்ட் சிப் இரு கம்பிகளையும் சுமார் 2.3 வோல்ட்டிலும் 5 வோல்ட் சிப் 2.5-இலும் நிறுத்தும், தரம் அனுமதிப்பது 2 முதல் 3 வரை.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இரண்டு சிப்களின் டேட்டாஷீட்டிலும் டாமினன்ட் நிலை டிஃபரென்ஷியல் அவுட்புட் வரியை ஒப்பிடுங்கள். ஆசிலோஸ்கோப் இருந்தால் கேன்-எச் சேனலிலிருந்து கேன்-எல் சேனலைக் கழித்துப் பாருங்கள், டாமினன்ட் பிட்டில் 2 வோல்ட்டை ஒட்டித் தெரியும்.

அப்படியும் பேசவில்லை என்றால், பவரை அணைத்துவிட்டு இரு கம்பிகளுக்கு இடையே மல்ட்டிமீட்டர் வையுங்கள். பஸ்ஸின் இரு முனைகளிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும் என்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். கடையில் வாங்கும் குட்டி மாட்யூல்கள் பலவற்றில் 120 ஓம் ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கும். அப்படி மூன்று சேர்ந்தால் 40 ஆகிவிடும்.